உயர்ந்த கோடு

கல்யாணமான நாளிலிருந்து லீவுக்கு மட்டுமே கண்ணில்படும் கணவன் அன்சாரி, மறுநாள் மறுபடி துபாய்க்குக் கிளம்பவிருந்தான். பெரம்பலூர் கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்யும் ருக்சானா அவனுக்குத் திரையைக் காட்டினாள்.

"இதெல்லாம் அரியலூர்ல வெயில்ல சுண்ணாம்புக்கல் வெட்டுறவங்க ரத்தம், மச்சான். மருந்து கலந்ததும் உண்டாகிற வெளிச்சத்தைக் கருவி அளந்து கோடாக் காட்டும்."

"என்னோடது?"

"ஓரத்துல. வெயில் படாதவங்க ரத்தம் ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்க வேணும்ல. நீங்கதான் ஏசி ஆபீஸ்ல இருக்கீங்களே."

அன்சாரியின் கோடுதான் எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது.

"மாஷா அல்லாஹ்! நம்ம ரத்தம் எப்படிப் பளிச்சுனு எரியுது பாத்தியா? இனிமே என் உடம்பை நெனச்சுப் போன்ல அழக் கூடாது."

அவள் சிரிக்கவில்லை.

"உடம்பைத் தேயவிடாமக் காக்குற என்சைம் இந்த வெளிச்சத்தை அணைச்சிடும். வெயில்ல உழைச்சு அது குறைஞ்சாத்தான் இப்படி எரியும். நம்ப முடியாம திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்துட்டேன். அங்க நெசமாவே என்ன வேலை, மச்சான்?"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டடத்துல கம்பி கட்டுறேன். மொட்டை வெயில்ல. சொன்னா நீ அனுப்ப மாட்டேன்னுதான்..."

ருக்சானா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கோடு எறங்குற வரைக்குமாவது இங்க இருங்க."