போயிட்டு வரேன்

வீட்டு சர்வர் மறுபடியும் படுத்துவிட்டது. கதவு திறப்பதிலிருந்து காபி போடுவது வரை எல்லாவற்றையும் கவனிக்கும் ஜாவா சர்வர் அது. நடப்பதையெல்லாம் அது குறித்துவைக்கும் லாக் ஃபைலைத் தணிகைவேல் திறந்தான். இடமே இல்லாமல் நிரம்பிக் கிடந்தது ஒரே வரி: "போயிட்டு வரேன் என்றவர் இன்னும் வரவில்லை." குழாய் ரிப்பேர்க்காரர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், அரங்கநாதன் சித்தப்பா என்று அப்படிச் சொல்லிவிட்டுப் போன எல்லோருக்காகவும் வீடு நிமிடத்துக்கொரு தரம் எழுதி எழுதிக் காத்திருந்தது.

கான்ஃபிக் ஃபைலை மாற்றினான், ரீஸ்டார்ட் செய்தான். பழைய குருடி கதவைத் திறடி என்றுதான் ஆனது.

"சுகந்தி, இனிமே கிளம்பறப்ப 'போறேன்'னு மட்டும் சொல்லேன். லாக்ல ஒரே வரியோட முடிஞ்சிடும்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? போறேன்னு யாராவது சொல்வாங்களா?"

"ஒரே ஒரு தடவை. டெஸ்டிங்குக்கும்மா!"

தலையில் அடித்துக்கொண்டு, "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலை வாங்கப் போனாள் மனைவி.

லாக் அடங்கியது. சர்வர் சிட்டாய்ப் பறந்தது. சற்று நேரத்தில் புதிய வரிகள் விழுந்தன: "ரிப்பேர்க்காரர் வந்துவிட்டார். ஏஜென்ட் வந்துவிட்டார். சித்தப்பா வந்துவிட்டார்." பூரித்துப்போன தணிகைவேல், என்ன மாயம் இது என்று மேலே தள்ளிப் பார்த்தான்.

"சுகந்தி போய்விட்டார். இனி வரமாட்டார். வருவதாகச் சொன்ன அனைவருக்கும் தகவல் அனுப்பப்பட்டது."

அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ரிப்பேர்க்காரரும் ஏஜென்ட்டும் அங்கே நின்றிருக்க, ஆட்டோவிலிருந்து ரோஜா மாலையோடு இறங்கிக்கொண்டிருந்தார் சித்தப்பா. அவர் பின்னால் கறிவேப்பிலைக் கட்டோடு வந்து நின்ற சுகந்தி கேட்டாள்:

"யாருக்கு மாமா மாலை?"