மூடிமேல் இருந்த குழவி

பூனை நெம்பித் திறந்துவிடக் கூடாதென்று மீரான் தன் மலைப்பாம்புத் தொட்டியின் மூடிமேல் அம்மிக்குழவியை வைத்திருந்தான். கரண்ட் போய் மிக்ஸி ஓடாததால், சட்னி அரைக்க அதை எடுத்துப் போனாள் அவன் மனைவி ஜன்னத். பூனையின் அலறல் கேட்டு அவள் குழவியோடு ஓடிவந்தபோது, தொட்டிக்குள் பாம்பு அவள் பூனையை இறுக்கிச் சுற்றியிருந்தது. மீரான் இரண்டையும் சேர்த்து வாரித் தரையில் போட்டு, வாலைப் பிடித்துப் பிரித்துப் பார்த்தான். பிரியவில்லை. பூனையின் நாக்கு வெளியே தள்ளியது. ஜன்னத் சட்னி வழியும் குழவியை இரு கையாலும் ஓங்கினாள். அவன் பாம்பின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

“கைய எடுங்க.”

“மூடி மேலருந்து குழவிய எடுத்தது நீ. இது என்ன பண்ணுச்சு?”

பூனையின் பின்னங்கால் ஒருமுறை உதைத்துத் தொங்கியது.

குழவி இறங்கியபோது அவன் கை அங்கேதான் இருந்தது.