அச்சேறாத ஒரு வரி

“நான் இன்னும் சாகலைங்க. அதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம்?”

பத்திரிகை அலுவலகத்தில் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. கையில் தடியோடு நின்றவர் ஒரு காலத்தில் கால்பந்து நடுவர். ஊருக்கு அவர் ‘விசில்’.

நடந்தது இதுதான். வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, பிறந்த வருஷத்தைச் சரிபார்க்கப் போய், அவருக்காக எழுதி வைத்திருந்த இரங்கல் செய்தி முழுவதையும் அவர் போனுக்கே அனுப்பிவிட்டாள்.

உதவி ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். போன மாதம் விசில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதியது என்றார். பேர் வாங்கினவர்களுக்கு இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பது வழக்கம், சாதாரண ஆட்களுக்கு எழுத மாட்டோம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

விசில் கொஞ்சம் குளிர்ந்துதான் போனார். ‘களத்தில் எடுத்த முடிவை ஒருபோதும் மாற்றாதவர்’ என்று அதில் போட்டிருந்ததை மருமகளுக்கு ஏற்கெனவே படித்துக் காட்டியாயிற்று.

“செத்ததைக்கூட விட்டுடறேன். இந்தக் கடைசி வரி பச்சைப் பொய். அதை அடிங்க.”

வரி இது: ‘இறுதி ஆட்டத்தில் சொந்தத் தம்பியைத் தவறாக வெளியேற்றியதை, பிற்காலத்தில் அந்தத் தம்பியிடமே நேரில் போய் ஒப்புக்கொண்ட பெரிய மனிதர்.’

அன்று எதிரணிக்காரனின் காலை வாரிவிட்டது வேறொருவன். சிவப்பு அட்டை வாங்கியது தம்பி. பெரிய அணியில் சேர இருந்த வாய்ப்பு அதோடு போயிற்று. அண்ணன் தம்பி பேச்சும் போயிற்று. போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று சொந்தபந்தமெல்லாம் கேட்டுப் பார்த்தது. ஊதின விசிலை உள்ளே இழுக்க முடியுமா என்பார் இவர். அதற்குமேல் யார் பேசுவது?

“நடக்காததை நடந்ததா எழுதினா அது பொய்தானே?”

“இன்னும் நடக்காததுன்னு சொல்லுங்க ஐயா. இது இன்னிக்கு வர்ற செய்தி இல்லையே. அச்சாகிற அன்னிக்கு இது நிஜமா பொய்யான்னு இன்னிக்கே நான் எப்படிச் சொல்றது?”

“எவன் சொன்னான் இதை உங்களுக்கு?”

அதைச் சொல்லும் வழக்கம் இல்லை, நம்பகமான ஆள்தான் என்றார் உதவி ஆசிரியர். கணினியில் அந்த வரியைக் கண்டுபிடித்து, அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

“இது நடக்கவே நடக்காதுன்னு உங்க ஒருத்தராலதான் சொல்ல முடியும். சொல்லுங்க, அடிச்சிடறேன்.”

விசில் வாயைத் திறந்தார். மைதானமே எழுந்து நின்று கத்தினாலும் அசராதவருக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

“இருக்கட்டும்,” என்று எழுந்துகொண்டார்.

வாசலில் இறங்கினால் வீட்டுக்குப் போகும் வழி இடது பக்கம். தடி வலது பக்கம் திரும்பியது. யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

தம்பி தன் டயர் கடையில், தண்ணீர்த் தொட்டிக்குள் டியூபை அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் விழுந்த நிழலே ஆளைக் காட்டிக்கொடுத்திருக்கும். நிமிரவில்லை.

“டேய், அன்னிக்கு வாரிவிட்டது நீ இல்லை. எனக்கு அப்பவே தெரியும். தம்பின்னு விட்டுட்டான்னு ஒரு பேச்சு வந்துடுமேன்னு... தப்பு என்மேலதான்.”

தம்பி டியூபை இன்னும் ஆழமாக அமுக்கினார். குமிழிதான் வந்துகொண்டே இருந்தது.

விசிலுக்குப் பொறுக்கவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டார்.

“மனசு இளகி வந்துட்டேன்னு நினைச்சுக்காதே. நான் வந்து ஒத்துக்கிட்டேன்னு பத்திரிகைல எவனோ ஒரு பொய்யைச் சொல்லி வெச்சிருக்கான். என் பேர்ல பொய் அச்சாகக் கூடாது. அதை நிஜமாக்கிட்டுப் போகத்தான் வந்தேன்.”

தம்பி டியூபை வெளியே எடுத்து, துணியால் நிதானமாகத் துடைத்தார்.

“எவனோ இல்லைண்ணே, நான்தான் சொன்னேன். நீ ஆஸ்பத்திரில கிடந்தப்ப வந்து கேட்டாங்க. செஞ்ச தப்பை ஒத்துக்காமலே போயிட்டான்னு என் அண்ணனை எவனும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது பாரு.”