மாரிக்கனியின் சொகுசுச் சீட்டு

மாரிக்கனி தான் கட்டிய விறகு பிளக்கும் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். லாரி ஜாக்கியை இரும்புச் சட்டத்தில் படுக்கப்போட்டு, எதிரே கோடாரி வாயை வெல்டிங் வைத்த மெஷின். தோள்பட்டை இறங்கியதிலிருந்து வலக்கை நெஞ்சுக்கு மேல் எழும்புவதில்லை. உட்கார்ந்தபடி பிளந்தால்தான் இனிப் பிழைப்பு. சரி, அந்த மெஷினையாவது கட்டை வெட்டிய வாரமே முடித்தாரா? உட்காரச் சொகுசாக இல்லையென்று அருப்புக்கோட்டைக்கு நடையாய் நடந்து புல்லட் பைக் சீட்டு வாங்கினார், அதற்குப் பூப்போட்ட உறை வேறு தைத்தார். பச்சையாய்ப் பிளக்க வேண்டிய சீமைக்கருவேலம் அதற்குள் வெயிலில் காய்ந்து இரும்பாகிவிட்டது. வேலிக்கு அந்தப்பக்கம் தெருவே நிற்கிறது, வேலை வெட்டி இல்லாமல் இல்லை, பார்க்கத்தான். "சீட்டு நல்லாத்தேன் இருக்கு, பஸ்ஸு எப்பண்ணே கெளம்பும்?" என்கிறாள் பாண்டீஸ்வரி. நிக்காஹ் பிரியாணிக்கு விறகேற்ற வண்டியோடு வந்த முஸாஃபர் சிரிக்கவில்லை. "மாமா, அடுப்பு பத்த வைக்கணும். ஆகுமா ஆகாதா? இல்லேன்னா மல்லாங்கிணறுல ஏத்திக்கிறேன். இனிமே அங்கனயே வாங்கிக்கிறேன்."

"இந்தா ஆச்சு மாப்ள, செத்த பொறு." முறுக்கிய கட்டை கோடாரி வாயில் சிக்கி நிற்கிறது. வண்டிக்கருகே அவர் மனைவி முத்துலட்சுமி முந்தானையைக் கடித்தபடி கண்ணை மூடியிருக்கிறாள். மாரிக்கனி ஜாக்கியின் கைப்பிடிமேல் உடம்பையே சாய்த்து அமுக்குகிறார். படாரென்று ஒரு சத்தம். முஸாஃபர் வண்டியின் பின்கதவைத் திறக்கிறான். முத்துலட்சுமி மூடிய கண்ணோடே சிரித்துவிடுகிறாள். கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. வெல்டிங் விட்டுப் பிளந்திருப்பது சட்டம். அதை மாரிக்கனி மட்டும் பார்க்கிறார். கைப்பிடியை இன்னும் அமுக்கிக்கொண்டிருக்கிறார்.