தானாக விழாதது

"ஓநாய்க்குப் போய் ரத்தப் பரிசோதனையா அண்ணி? நல்ல கூத்து! அப்படியே ஒரு டீ போடுங்க" என்றான் கொழுந்தன், சோபாவில் படுத்தபடியே. வேலை கிடைக்கும்வரை என்று வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவன். அவன் காலடியில் அவனுடைய நாய் சொறிந்துகொண்டிருந்தது.

ஓநாய்க் காப்பகத்தின் கால்நடை மருத்துவரான அவள் தன் சட்டையை மறுபடி உதறிப் பார்த்தாள். அழிந்துவரும் இனம், ஒன்றுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தாலும் கூண்டோடு போய்விடும். இன்று அவள் சட்டையில் ஓர் உண்ணி ஊர்ந்ததைப் பார்த்து, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை கண்டால் வேலை போய்விடும்.

அவளுடைய கைப்பேசி ஒலித்தது. எடுத்தாள்.

"ஆமா, நல்லா ஒட்டிக்கிச்சு. மருந்தெல்லாம் வேலைக்கு ஆகாது. இன்னைக்கே பிடுங்கி எறிஞ்சாகணும். வலிக்கத்தான் செய்யும், என்ன பண்றது?"

அவள் பேசி முடித்ததும் கொழுந்தன் சிரித்தான். "எந்த ஓநாய்க்கு அண்ணி? பாவம், உண்ணி பொழச்சுப் போகட்டுமே!"

"ஓநாய்க்கு இல்ல தம்பி. பேசினது உங்க அண்ணன்."

அவனுடைய பெட்டியை இழுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நாயையும் கூட்டிட்டுக் கிளம்புங்க. உண்ணியாவது வயிறு நிறைஞ்சா தானா விழுந்துடும்."