ஏ-மூன்று

நண்பகல் வெளிச்சம் நாற்காலியின் மேல் விழுகிறது. கெல்லேர்ட்டின் உடைந்த முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் நிறம் அளக்கும் கருவியை அழுத்துகிறாள் பல் மருத்துவர் எமெஷெ. நிற எண் ‘ஏ-மூன்று’ என்று காட்டுகிறது. மாதிரிப் பற்களில் அவள் கண்ணால் தேர்ந்தெடுத்ததும் அதே மங்கிய மஞ்சள்தான். “இன்னிக்கு நீங்களும் மிஷினும் சண்டை போடலையா, டாக்டரம்மா? சனிக்கிழமை பொண்ணு கல்யாணம், போட்டோவுல நான் சிரிச்சாகணும்.” அவர் சிரிப்பு கண்வரை ஏறுகிறது. கூடவே ஏறிய எமெஷெயின் பார்வை அங்கேயே நின்றுவிடுகிறது. தலைக்கு மேலுள்ள விளக்கின் வேலையாக இருக்கும் என்று அதை அணைக்கிறாள். ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்குகிறாள். சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டு மறுபடி பார்க்கிறாள். மாதிரிப் பல்லைப் பிடித்த விரல்கள் மெல்ல உயர்ந்து, அவர் விழியின் வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. “பல்லு கீழேதானே இருக்கு,” என்கிறார் கெல்லேர்ட். “நிறம் ஒத்துப்போகுதா?” “அப்படியே இருக்கு,” என்கிறாள் எமெஷெ. கை இறங்கவில்லை.