அடுத்தவர் வரலாம்

பல் டாக்டருக்கு ஒரு வாரமாக மனசே சரியில்லை. முன்பெல்லாம் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வருகிறவர்கள், இப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை.

“நீங்க முன்னாடி போங்க சார்.”

“பரவாயில்ல, நீங்களே போங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல.”

டாக்டர், வரவேற்பில் உட்கார்ந்திருந்த மனைவியை உள்ளே அழைத்தார்.

“ஏம்மா, என் கை அவ்வளவு முரடா? யாராவது கத்தினது வெளியில கேட்டுச்சா?”

“சேச்சே! உங்க கை பூ மாதிரி.”

“அப்புறம் ஏன் இப்படிப் பயந்து சாகறாங்க?”

அவள் சிரித்துக்கொண்டே வரவேற்புக்கு நழுவிவிட்டாள்.

டாக்டர் பொறுமையிழந்து தானே வெளியே வந்தார். கன்னம் வீங்கியிருந்த பெரியவரின் தோளைத் தொட்டார்.

“ஐயா, பயப்படாதீங்க. வலிக்காம எடுத்துடறேன்.”

பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பயமா? அதெல்லாம் இல்ல டாக்டர். உங்க வீட்டம்மா சினிமாப் பத்திரிகையெல்லாம் எடுத்துட்டு, திமிங்கிலம், எரிமலை, எறும்புன்னு விதவிதமா புத்தகம் வாங்கிப் போட்டிருக்காங்க. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். பல்லு எங்க ஓடிடப் போகுது? எரிமலை இப்பத்தான் புகைய ஆரம்பிச்சிருக்கு!”